குளிர்பட்ட தட்டணு

சிவப்பணுவுக்கு 2 முதல் 6 டிகிரி செல்சியஸ், தட்டணுவுக்கு 20 முதல் 24. ரத்த வங்கியில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த எண்கள் மனப்பாடம். வார்டில் அப்படியில்லை. டெங்கு சீசனில் அவசரமாக வாங்கிச் சென்ற தட்டணுப் பை, நோயாளிக்கு ஊசி குத்தத் தாமதமானால், ‘கெட்டுப்போகாமல் இருக்கட்டும்’ என்று ஃபிரிட்ஜுக்குள் போய்விடுகிறது. நல்லெண்ணத்தில் செய்கிற காரியம்தான். விதியை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விட்ட ரத்த வங்கிக்காரர்களான நமக்கும் அதில் பங்கு உண்டு.

காரணம் தட்டணுவின் சவ்வில் இருக்கிறது. லிப்பிட் மூலக்கூறுகளின் வால்கள் வெதுவெதுப்பில் நெகிழ்ந்து நகரும். குளிரில் நெய் உறைவதுபோல் நெருங்கி விறைத்துக்கொள்ளும். ஒரே வகை லிப்பிட்டால் ஆன சவ்வில் இந்த மாற்றம் சட்டென்று நிகழும். டைபால்மிட்டாயில் பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற லிப்பிட்டுக்கு அது நிகழ்வது 41 டிகிரியில். உயிரணுச் சவ்வோ கலவை. சிவப்பணுவில் பாஸ்போலிப்பிட்டுக்கு ஏறக்குறைய ஈடாகக் கொலஸ்ட்ரால் இருப்பதால் மாற்றத்தின் கூர்மை மழுங்கிவிடுகிறது. தட்டணுவில் கொலஸ்ட்ரால் விகிதம் குறைவு. 15 டிகிரியை ஒட்டி அதன் லிப்பிட்களில் ஒரு பகுதி ஜெல் நிலைக்குப் போய்த் தனித்தனித் திட்டுகளாகத் திரள்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, ஆக்டின் இழைகள் கலைந்து வேறு விதமாகக் கோத்துக்கொள்கின்றன, தட்டு உருண்டையாகிறது. திரும்ப வெதுவெதுப்பாக்கினாலும் பழைய வடிவம் முழுதாக மீள்வதில்லை.

குளிரில் வைத்த தட்டணு உடலில் வெகுநேரம் தங்குவதில்லை என்பதை மர்ஃபி, கார்ட்னர் என்ற ஆய்வாளர்கள் 1969இலேயே காட்டிவிட்டார்கள். ஏன் என்பதற்கு 2003இல் ஹாஃப்மைஸ்டரின் ஆய்வுக் குழு ஒரு விடை தந்தது: குளிரில் வான் வில்லிபிராண்ட் காரணியின் ஏற்பிகள் சவ்வின்மேல் கொத்தாகச் சேர்கின்றன, கல்லீரல் மேக்ரோபேஜ்கள் அவற்றை அடையாளம் கண்டு தட்டணுவை விழுங்கிவிடுகின்றன.

அறை வெப்பத்துக்கும் விலை உண்டு. பாக்டீரியா பெருகும்; பையின் ஆயுளை 5 நாளில் நிறுத்த வேண்டியிருப்பதற்கு அது முக்கியக் காரணம். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, வழக்கமான தட்டணு கிடைக்காத அல்லது அதைப் பயன்படுத்த இயலாத நிலையில், ரத்தப்போக்கை நிறுத்துவதற்குக் குளிர்ப்பதனத் தட்டணுவை 14 நாள் வரை வைத்துக்கொள்ள வழிவிட்டது. சில மணி நேரத்தில் ரத்தம் உறைந்தால் போதும் என்கிற இடத்தில் உடலுக்குள் தட்டணுவின் குறுகிய ஆயுள் பெரிய குறையல்ல. ஆனால் அது தொடக்கம் முதல் குளிரிலேயே வைத்து, அதற்கென லேபிள் ஒட்டிய பை. வார்டு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்த பையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எண்ணிக்கையை உயர்த்தித் தக்கவைக்க வேண்டிய புற்றுநோய் வார்டுக்குக் குளிர்ப்பதனத் தட்டணு பயன்படாது.

  

தட்டணுப் பையை வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக அசைத்தால், தட்டு வடிவம் குலையாதவரை சுழலும் மினுமினுப்பு தெரியும். குளிர்பட்ட பையில் அது மங்கிவிடும். வழங்கும்போது இதைப் பார்க்கிறோம். வார்டிலிருந்து திரும்பி வந்த பையிலும் பார்க்க வேண்டும். மினுமினுப்பு தெரிந்தாலும், இடைப்பட்ட நேரத்தில் எங்கே இருந்தது என்று கேட்காமல் அந்தப் பையை, தட்டணுக்களை அசைத்துக்கொண்டே இருக்கும் அஜிடேட்டரில் ஏற்றக் கூடாது. ‘ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்’ என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் அடிக்க அதிகச் செலவு ஆகாது.