பட்டாசு ஆபீஸுக்கு ஒரு நீதி, படப்பிடிப்புக்கு ஒரு நீதியா?

சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் 1963 ஆகஸ்ட் 13 அன்று பிறந்த பெண் குழந்தை ஒன்று, நான்கு வயதில் ஏ.பி.நாகராஜனின் ‘கந்தன் கருணை’யில் பால முருகனாக வந்து நின்றது. ‘துணைவன்’, மலையாளத்தில் ‘குமார சம்பவம்’, எம்.ஜி.ஆரோடு ‘நம் நாடு’ என்று ஆறு வயதுக்குள் மூன்று நான்கு படங்கள். ‘பூம்பாட்டா’வுக்காக எட்டு வயதில் சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான கேரள அரசின் விருது. பதினோரு வயதில் இந்தி ‘ஜூலி’. பதிமூன்று வயதில் கதாநாயகி. ஸ்ரீதேவி என்ற பெயரைக் கேட்டாலே விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு முகம் மலரும். ‘நம்ம மீனம்பட்டிப் பொண்ணு’ என்று உரிமையோடு சொல்வார்கள். 2018 பிப்ரவரி 24 அன்று துபாயில் அவர் இறந்து, மும்பையில் மூவர்ணக் கொடி போர்த்தி வழியனுப்பியபோது இங்கேயும் வீடுகளில் அழுதார்கள். அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு.

ஆனால், அவரது பிறந்தநாளும் நினைவு நாளும் வரும்போதெல்லாம் எழுதப்படும் புகழுரைகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வாசகத்தை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. நாலு வயதிலிருந்து ஒருநாள் ஓய்வில்லாமல் உழைத்தாராம். குழந்தை நட்சத்திரமாக இருந்து இடைவெளியே இல்லாமல் நேராகக் கதாநாயகி ஆனாராம். இதைச் சாதனை என்று எழுதுகிறார்கள். மேடை போட்டுப் பேசுகிறார்கள். ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் பறிபோன கதையை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லும் இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். பள்ளி, கல்லூரி வாழ்க்கை தனக்கு வாய்க்கவில்லை என்பதைப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அதைக் காதில் வாங்கிக்கொண்டவர் எத்தனை பேர்?

வயதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1976 தீபாவளிக்கு வந்த கே.பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ படத்தில் கமல்ஹாசன் அவருக்குக் காதலன். அப்போது கமலுக்கு வயது 21. ஸ்ரீதேவியை அடையத் துடிக்கும் வில்லன் ரஜினிகாந்துக்கு 25. காதலன் இறந்தபின் அவர் மணப்பது, வளர்ந்த பிள்ளைகள் உள்ள ஒரு நடுத்தர வயதுக்காரரை. கல்கத்தா விஸ்வநாதன் அந்த வேடத்தில் நடித்தார். அந்த வகையில் ரஜினிக்கே சிற்றன்னையாகிறாள் அந்தப் பெண். காதல், ஆசை, கல்யாணம், சிற்றன்னை எல்லாவற்றையும் சுமந்த முகத்துக்கு வயது பதிமூன்று. இன்றைக்கு அந்த வயதில் ஒரு பெண் எட்டாம் வகுப்பில் இருப்பாள். அடுத்த ஆண்டு செப்டம்பரில் ‘பதினாறு வயதினிலே’ வந்தது. கதைநாயகி மயிலுக்குத்தான் பதினாறு, நடித்தவருக்குப் பதினான்கு. படத்தின் முடிவில் வில்லன் பரட்டை அவள்மீது பாய்கிறான். அந்தக் காட்சியில் அஞ்சி நடுங்கிய உடல் ஒன்பதாம் வகுப்பில் படிக்க வேண்டிய ஒரு சிறுமியின் உடல். தமிழ் சினிமாவின் திசையைத் திருப்பிய படம் அது என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. திசையைத் திருப்பியவர்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சிறுமியின் வயது உறுத்தவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

அது பழைய காலம் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பதினான்கு ஆண்டு கழித்து, 1991 ஏப்ரலில், ‘என் ராசாவின் மனசிலே’ வந்தது. 1976-ல் பிறந்த மீனாவுக்கு அப்போது பதினான்கு வயது. ராஜ்கிரணுக்கு மனைவியாகி, அவரது முரட்டுத்தனத்துக்கு அஞ்சி ஒடுங்கி, கர்ப்பமாகி, செத்துப்போகும் சோலையம்மாவாக அவரை நடிக்க வைத்தார்கள். 1984-ல் ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ படத்தில் ரஜினியோடு குழந்தையாக நடித்தவரும் இதே மீனாதான். 1993-ல் ‘எஜமான்’ படத்தில் அதே ரஜினிக்கு மனைவியாக வந்தபோது அவருக்குப் பதினாறு. ஊரே அதைச் சுவையான தகவலாகப் பேசி மகிழ்ந்தது. 2012-ல் ‘சுந்தரபாண்டியன்’, ‘கும்கி’ படங்களின் கதாநாயகி லட்சுமி மேனனுக்கும் பதினாறுதான். நாற்பது ஆண்டுகளில் கேமராவும் ஒலியும் தொழில்நுட்பமும் மாறிவிட்டன. இந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இதைச் சொல்லும் தகுதி வேறு எந்த ஊரைவிடவும் நம் ஊருக்கு அதிகம். காரணம், குழந்தை உழைப்பு என்றால் என்னவென்று நாம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். ஸ்டூடியோவின் ஆர்க் விளக்குச் சூட்டில் ஸ்ரீதேவி நின்ற அதே ஆண்டுகளில், மீனம்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியுமுன்னே, ‘ஆபீஸ்’ என்று இங்கே சொல்லப்படும் தீப்பெட்டி ஆலையின் வண்டி ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளையைத் தாய் தோளில் போட்டுக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றிவிடுவாள். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் திரி வெட்டுவதும் சின்ன விரல்களுக்குத்தான் வாகு என்று கணக்குப் போட்ட காலம் அது. தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று 1938-லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டிருந்தான். அந்தச் சட்டம் இருக்கும்போதுதான் அரை நூற்றாண்டு வண்டிகள் ஓடின. குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய ஊர், உலகப் பத்திரிகைகளில் குழந்தைத் தொழிலாளர் ஊர் என்று பேர் கெட்டு நின்றது.

நிலைமை மாறியதென்றால் சும்மா மாறவில்லை. 1986-ல் புதிய சட்டம் வந்தது. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். சிவகாசித் தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளை வைத்தே அந்த வழக்கு நடந்தது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும் என்றும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், இல்லையென்றால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆய்வாளர்கள் வந்தார்கள். சிறப்புப் பள்ளிகள் திறந்தார்கள். முதலாளிகள் நீதிமன்றப் படியேறினார்கள். அதிகாரி, ஆசிரியர், தொண்டு நிறுவனத்துக்காரர், முணுமுணுத்தபடியே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய் என்று எத்தனையோ பேருடைய உழைப்பு அது. ஏழைக் குடும்பத்துக்குப் பிள்ளையின் கூலி வேண்டும் என்ற வாதத்தை அன்று நீதிமன்றமும் ஏற்கவில்லை, நாமும் கடைசியில் ஏற்கவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் ஆண்டுக்கணக்கில் மாநிலத்தின் முதல் வரிசையில் நின்றதற்குப் பின்னால், காமராஜர் திறந்த பள்ளிகளோடு இந்தப் போராட்டமும் இருக்கிறது.

அப்படிப்பட்ட சட்டத்தை 2016-ல் நாடாளுமன்றம் திருத்தியது. பதினான்கு வயது வரை எந்த வேலையும் கூடாது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறு கையால் சினிமா, சீரியல், விளம்பரத்துக்கு விலக்குக் கொடுத்தது. சர்க்கஸுக்கு இல்லாத விலக்கு சினிமாவுக்கு உண்டு. கம்பியில் நடக்கும் குழந்தைக்காக இரங்கிய சட்டம், கேமரா முன் நிற்கும் குழந்தையைத் தயாரிப்பாளர் பொறுப்பில் விட்டுவிட்டது.

விலக்கோடு சேர்த்துச் சில நிபந்தனைகளும் போட்டார்கள். 2017-ல் வந்த விதிகள் தெளிவானவை. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் கட்டாயம் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரில் போட்டு வைக்க வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது. இவற்றை எழுதியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால், 1938 சட்டத்தின் கதியை நேரில் பார்த்த மாவட்டத்துக்காரர்கள் நாம். காகிதத்தில் இருக்கும் விதி எந்தக் குழந்தையையும் காப்பாற்றாது என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கி வைப்பு விதியும் தாமதமாக வந்ததுதான். குழந்தையின் சம்பாத்தியத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்துவிட்ட ஹாலிவுட் குழந்தை நடிகர் ஜாக்கி கூகனின் வழக்குக்குப் பிறகு, கலிபோர்னியா மாநிலம் 1939-லேயே அந்தப் பணத்துக்குக் காவல் போட்டது. சார்லி சாப்ளினோடு நடித்து உலகமே கொஞ்சிய பையன், பெரியவனானபோது கையில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று தாய்மீதே வழக்குப் போட நேர்ந்தது. நமக்கு அந்தப் பாதுகாப்பு வர மேலும் 78 ஆண்டுகள் ஆயின.

அப்படி வந்த பாதுகாப்பிலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. குழந்தைக் கலைஞர்களுக்கென்று எழுதப்பட்ட இந்த விதிகள் பதினான்கு வயதோடு நின்றுவிடுகின்றன. ஆட்சியர் அனுமதி, பொறுப்பாளர், வங்கியில் 20 சதவீதம் எல்லாம் பதினான்காவது பிறந்தநாளோடு கழன்றுவிடும். மயிலாக நடித்தபோது ஸ்ரீதேவிக்கு என்ன வயதோ, சோலையம்மாவாக நடித்தபோது மீனாவுக்கு என்ன வயதோ, சரியாக அந்த வயதில் சட்டம் கையை விடுகிறது. சிறுமியைக் கதாநாயகியாக்கும் வழக்கம் தொடங்குவதும் அந்த வயதில்தான். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ள பிள்ளைகளை வெடிமருந்தின் பக்கம் அண்டவிடக் கூடாது என்று அதே சட்டம் பட்டாசு ஆபீஸுக்குச் சொல்கிறது. அது சரி. பதினெட்டு வயதுக்குள் ஒரு பெண்ணுக்குத் திருமணம் செய்து வைத்தால் தந்தையைச் சிறைக்கு அனுப்பும் நாடு இது. முப்பது, நாற்பது வயது ஆண் ஒருவருக்கு அவளைத் திரையில் மனைவியாக்கி, முதலிரவுக் காட்சியும் பலாத்காரக் காட்சியும் எடுக்கும்போது மட்டும் அவளுடைய வயது யார் கண்ணிலும் படாமல் போவதெப்படி?

சினிமாக்காரர்கள் சொல்லும் பதில் நமக்குத் தெரியும். கதை கேட்கிறது, முகத்தில் அந்த வெகுளித்தனம் வேண்டும் என்பார்கள். அப்படித் தடுத்திருந்தால் மயில் கிடைத்திருப்பாளா என்பார்கள். ஸ்ரீதேவியின் திறமைமீது நம்பிக்கை இல்லாதவர்கள் பேசும் பேச்சு இது. ‘மூன்றாம் பிறை’ வந்தபோது அவருக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. ‘இங்கிலீஷ் விங்கிலீஷ்’ வந்தபோது நாற்பத்தொன்பது. இறப்புக்குப் பின் தேசிய விருது பெற்றுத் தந்த ‘மாம்’ படத்தில் நடித்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அவரது மிகச் சிறந்த நடிப்பெல்லாம் வளர்ந்த பெண்ணாக அவர் தந்தவை. அந்தத் திறமை காத்திருந்திருக்கும். காத்திருக்க மனமில்லாமல் போனது படமெடுத்தவர்களுக்குத்தான்.

வறுமையும் இங்கே சாக்காகாது. அவருடைய தந்தை அய்யப்பன் ஒரு வழக்கறிஞர். 1989-ல் அவர் சிவகாசியில் தேர்தலில் நின்றபோது மகள் வந்து வாக்குக் கேட்டதை மூத்தவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். மறைந்த பெற்றோரைக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமில்லை. அந்தக் காலத்துக்கு அது தவறாகவே தெரியவில்லை. இன்று தெரிந்தும், டி.வி. போட்டிக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு மட்டம் போட வைக்கும் பெற்றோரும், ரீல்ஸ் போட்டுச் சம்பாதிக்கப் பத்து வயதுப் பெண்ணைக் குத்துப்பாட்டுக்கு ஆட வைக்கும் பெற்றோரும் அதே பாதையில்தான் போகிறார்கள். அவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம். கூலி வேலைக்குப் போகும் ஏழைத் தாய் பிள்ளையை ஆபீஸ் வண்டியில் ஏற்றினால் குற்றம், வசதியுள்ள தாய் பிள்ளையைப் படப்பிடிப்பு வேனில் ஏற்றினால் பாக்கியம் என்ற இரட்டை அளவுகோல் இந்த மண்ணில் செல்லாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். தொழிலாளர் சட்டம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. தமிழக அரசு மத்திய அரசுக்காகக் காத்திருக்காமல், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தானே சட்டத்தைத் திருத்தி, கலைஞர்களுக்கான பாதுகாப்பைப் பதினெட்டு வயது வரை நீட்ட வேண்டும். பதினெட்டு நிறையாத பெண்ணைக் காதலி, மனைவி வேடத்திலும், உடல்மீது அத்துமீறும் காட்சிகளிலும் நடிக்க வைப்பதை அறவே தடை செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆட்சியரும் தான் கொடுத்த படப்பிடிப்பு அனுமதிகளின் விவரத்தைக் குழந்தையின் அடையாளம் தெரியாதபடி மாதந்தோறும் வெளியிட வேண்டும். பட்டாசு ஆலைக்குள் நுழையும் தொழிலாளர் ஆய்வாளர் படப்பிடிப்புத் தளத்துக்குள்ளும் நுழைய வேண்டும். படத்தில் ஒரு காளையோ குதிரையோ வந்தால் விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் தணிக்கைக் குழு படத்தைத் தொடுவதில்லை. குழந்தை நடித்த படத்துக்கும் ஆட்சியர் அனுமதியையும் வங்கி வைப்பு ரசீதையும் பார்க்காமல் தணிக்கைச் சான்றிதழ் தரக் கூடாது. தயாரிப்பாளர் சங்கமும் நடிகர் சங்கமும் இதற்குத் தாமாக முன்வந்தால் மதிப்போம். வராவிட்டால் சட்டம் வர வேண்டும். குழந்தையை வேலைக்கு வைத்த தீப்பெட்டி முதலாளிக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றால், விதியை மீறிய தயாரிப்பாளருக்கும் அதே சிறைதான்.

பத்திரிகைகளுக்கும் ரசிகர் மன்றங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஆகஸ்ட் 13 அன்று ஸ்ரீதேவியைப் பற்றி எழுதும்போதும் பேசும்போதும், ‘மூன்று முடிச்சு’ பெயருக்குப் பக்கத்தில் பதிமூன்று என்ற வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஏழு தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி பாராமல் அடுத்த கூட்டத்தொடரிலேயே இந்தத் திருத்தத்தை அவையில் எழுப்ப வேண்டும். எழுப்பினார்களா என்று தொகுதி மக்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.