மல்லாட்டை விளையுற ஊருக்கு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் வேண்டாமா?



மல்லாட்டை சீசன் வந்தா நம்ம வீட்டு வாசல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பாட்டி காய் ஆய்வாங்க. அம்மா தறியில இருப்பாங்க. நடை பழகுற பிள்ளை ஒரு பருப்பை எடுத்து வாயில போடும். அழும்போதோ சிரிக்கும்போதோ மூச்சை இழுத்தா, அந்தப் பருப்பு மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

எக்ஸ்ரேயில பருப்பு பெரும்பாலும் தெரியாது. உள்ளே ஊறிப் பெருக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். பிள்ளைக்கு மயக்கம் கொடுத்து, வாய் வழியா பிராங்கோஸ்கோப் குழாய் விட்டுத்தான் எடுக்கணும். அரசு மருத்துவமனைகள்ல பெரும்பாலும் இதைச் செய்றது காது மூக்கு தொண்டை சர்ஜன்தான். அவர் பக்கத்துல இல்லன்னா? பிள்ளையைத் தூக்கிட்டு திருவண்ணாமலைக்கோ செங்கல்பட்டுக்கோ ஓடணும்.

இந்த டாக்டர் ஒரே நாள்ல உருவாகுறது இல்ல. எம்பிபிஎஸ் முடிச்சு, நீட் பிஜி எழுதி, அப்புறம் 3 வருஷம் எம்எஸ். காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்பை மைக்ரோஸ்கோப்புல பார்த்து டிரில் பண்ணக் கத்துக்கணும். முகத்தை அசைக்கிற நரம்பு அந்த எலும்புக்குள்ளதான் ஓடுது. நான் இன்ஜினியரிங் படிச்சவன். லேப்ல நான் தப்பு பண்ணா ஃபியூஸ் போகும். அங்கே ஒரு மில்லிமீட்டர் தப்பினா நோயாளியோட முகமே கோணிடும்.

சரி, இப்படிக் கத்துக்கிட்டவர் நம்ம பக்கம் வர என்ன வழி? ரெண்டு வழி இருக்கு.

👉 ஒன்று: அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கான மேற்படிப்பு ஒதுக்கீடு. கிராமத்துல வேலை பார்த்தவர் படிச்சுட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்புவார். இந்த ஒதுக்கீட்டைத் தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டுன்னு 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டு அதை வாங்கித் தந்தவங்க தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள். 2025 ஜனவரி 29 அன்று, மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட அடிப்படையிலான ஒதுக்கீடு செல்லாதுன்னு அதே நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதனால பணியில் உள்ளவர்களுக்கான இந்தக் கதவு இன்னும் முக்கியம். எந்த வருஷமும், எந்தக் காரணம் சொல்லியும், காது மூக்கு தொண்டையை இதிலிருந்து விடக்கூடாது.

👉 இரண்டு: தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி, முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் 3 மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பயிற்சி எடுக்கணும். 3, 4, 5-ஆம் பருவங்கள்ல ஏதாவது ஒண்ணுல. நம்ம மாவட்டத் தலைமை மருத்துவமனை செய்யாறுல இருக்கு. காது மூக்கு தொண்டை மாணவர்களை வரிசையா அங்கே அனுப்பினா, வருஷம் முழுக்க ஒருத்தராவது இருப்பார். வாரம் ஒரு நாள் வந்தவாசிக்கும் ஆரணிக்கும் வரலாம்.

"படிக்கிற பசங்களை அனுப்பி ஒப்பேத்தப் பாக்குறீங்களா?"ன்னு சிலர் கேட்பாங்க. நியாயமான கேள்வி. மாணவர் கத்துக்க வர்றவர், குறைஞ்ச சம்பளத்துக்குக் கிடைக்கிற ஆள் இல்ல. அவருக்கு மேல நிரந்தர சர்ஜன் ஒருத்தர், மயக்க மருத்துவர், பிள்ளைகளுக்கான பிராங்கோஸ்கோப், மூணும் இருக்கணும். இல்லன்னா அந்த 3 மாசம் அவருக்கும் வீண், நமக்கும் வீண்.

நம்ம கோரிக்கை இவ்வளவுதான். ஒன்றிய நிர்வாகிகள் மனு கொண்டு வரும்போது ஒரு கையெழுத்து போடுங்க.

அதுவரைக்கும் 5 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழு மல்லாட்டை கொடுக்காதீங்க. திடீர்னு புரை ஏறி, அப்புறம் இருமல் நிக்கலன்னா, "சளிதான்"னு விடாம உடனே மருத்துவமனைக்குப் போங்க. 108 இருக்கு.

இந்தப் பதிவை உங்க தெரு வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க. நாலு அம்மாக்கள் படிச்சா போதும்.

#நம்மஊருக்கும்சர்ஜன் #தெள்ளார்