குகையின் ஈரத்தை அளக்க வாருங்கள், தோழர்களே!

சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தோழர்களே!

ஐப்பசி அடைமழை தொடங்குமுன் நாம் கையில் எடுத்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

மாவட்ட எல்லையைத் தாண்டினால் தென்காசிப் பக்கம் திருமலைப்புரம். பாண்டியர் குடைந்த குகைக்கோயில். அதன் விதானத்துச் சுண்ணப்பூச்சில் ஓவியம் இருப்பதை 1935-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டு சொன்னார். சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேச வேண்டிய, ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டுச் செல்வம் அது. இன்று மிஞ்சியிருப்பவை திட்டுத்திட்டாகச் சில தாமரைகள், சில உருவங்கள். அவையும் உதிர விடலாமா?

சுவரில் பெயர் கிறுக்குகிறவனைப் பிடித்துவிடலாம். காற்றை எப்படிப் பிடிப்பது? உள்ளே கூட்டம் நின்றால் மூச்சிலிருந்து நீராவியும் கரியமில வாயுவும் சேர்கின்றன. பாறை குளிர்ந்திருந்தால் அந்த நீராவி அதன்மேல் முத்துமுத்தாகப் பனிக்கிறது. அதில் கரையும் வாயு சுண்ணத்தை அரிக்கிறது. பாறையில் ஊறிய உப்பு ஈரத்தில் கரைந்து, வெயில் ஏறியதும் பூச்சுக்கு அடியில் பரல் பரலாக இறுகி, வண்ணத்தைச் செதில் செதிலாகப் பெயர்க்கிறது. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி நடப்பதுதான் பெருங்கேடு.

அதற்காக ஃபேன், ஃபோகஸ் லைட், சிமெண்ட் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! பிரான்சின் லாஸ்கோ குகையைப் பாருங்கள். 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். பார்வையாளர் மூச்சே ஓவியத்தைக் கெடுத்ததால் 1963-இல் மூடினார்கள். பிறகு காற்றைச் சீர்படுத்தும் கருவியை மாற்றிய கையோடு, 2001-இல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. அளந்து பார்க்காமல் வைக்கும் மருந்தும் நஞ்சாகும்.

மில் தோழர்களே, இந்த வேலை உங்களுக்குப் புதிதா? ஈரப்பதம் குறைந்தால் இழை அறும் என்று, ஈரத்துணி சுற்றிய வெட் பல்பையும் பக்கத்து டிரை பல்பையும் பார்த்துக் குறிப்பெடுத்த கைகள் உங்களுடையவை. நூலுக்குப் பார்த்த கணக்கை ஓவியத்துக்கும் பார்ப்போம்.

நம் கோரிக்கைகள் மூன்று:

1. குகைக்கு உள்ளேயும் வெளியேயும் தீப்பெட்டி அளவிலான பதிவுக் கருவிகளை வைத்து, வெப்பமும் ஈரப்பதமும் ஓராண்டு முழுக்க இரவு பகலாகப் பதிவாக வேண்டும். பாறையின் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் அளக்க வேண்டும்.

2. ஒரு நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதை அந்தக் கணக்கு முடிவு செய்யட்டும். உள்ளே கற்பூரமும் எண்ணெய் விளக்கும் வேண்டாம்.

3. பதிவுகள் மாதந்தோறும் மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட சின்னம் அது. இந்தியத் தொல்லியல் துறையின் அனுமதியின்றி நாமாக ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது. ஆகவே முதலில் மனு. மழைக்கு முந்தைய கணக்கு இல்லாவிட்டால், மழை செய்த சேதத்தை எதை வைத்து நிரூபிப்போம்?

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குச் சேத்தூர் பஸ் ஸ்டாப்பில் கூடுவோம். நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் அப்படியே வாருங்கள். மாணவர்களே, ஆசிரியர்களையும் கூட்டி வாருங்கள். அன்றே கையெழுத்து வாங்கி, மறுநாளே மனுவை அனுப்புவோம்!