ஐட்லிங் ஸ்குரூவைத் திருக முதல்



பழைய லொறி வைத்திருப்பவர்களுக்கும் அதை நம்பிச் சாப்பிடும் குடும்பங்களுக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். போன பெரும்போக வெட்டு நேரம் எங்கள் வீட்டில் நடந்ததை இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை.

சொல்ல வந்தது இதுதான். நிற்கும்போது இஞ்சின் குலுங்கினாலோ, ஏறி இறங்கி ஓடினாலோ, தானாக அணைந்தாலோ எங்கள் ஊரில் முதலில் கை போவது ஐட்லிங் ஸ்குரூவுக்கு. அது பிழை. அந்த ஸ்குரூ நோயைக் காட்டும் இடம், நோய் இருக்கும் இடமல்ல. வகுப்பில் சில பிள்ளைகள் புத்தகத்தின் பின்பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்றபடி கணக்கை எழுதி வருவார்கள். நாங்களும் அதே வேலையை ஆறு மாதம் செய்தோம்.

வாப்பா வாங்கிய எல்ப் லொறி அது. இப்போது காக்கா ஓட்டுகிறார். வெட்டுக் காலத்தில் வட்டைக்குள்ளிருந்து மில்லுக்கு நெல், மற்ற நாட்களில் செங்கல், மணல். வெள்ள நேரம் சாமான் ஏற்ற, பாடசாலை விழாவுக்கு மேடைப் பலகை கொண்டுபோக என்று ஊர் வேலைக்கும் அதுதான் போகும். நிற்கும்போது இஞ்சின் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கத் தொடங்கியதும் ஸ்குரூவை அரைச் சுற்றுத் திருகினோம், சரியானது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது, இன்னும் அரைச் சுற்று. கடைசியில் அக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி முன்னால் தள்ளிக்கொண்டு போனது. கியர் போட்டால் கிரீச்சென்றது. டீசல் செலவு கூடியது. அப்படியிருந்தும் மில் வாசலில் நெல் மூடைகளோடு வரிசையில் நின்ற அன்று மூன்று முறை அணைந்தது. மூன்றாவது முறை பெற்றரியும் கைவிட்டது. பின்னால் நின்றவர்கள் கத்த, நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரமாக்கினார்கள்.

அன்றிரவு வீட்டில் தீர்ப்பாகிவிட்டது: பம்ப் போய்விட்டது. டீசல் பம்பைக் கழற்றிச் செய்ய எவ்வளவு என்று கேட்டால், எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. காக்கா மகளின் படிப்புக்கென்று போட்டுவந்த சீட்டை முந்தி எடுக்கலாமா என்று கேட்டார். அதைக் கேட்ட பிறகுதான், காசைக் கொடுக்க முதல் ஒரு சனிக்கிழமையாவது உட்கார்ந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

பழைய டீசல் இஞ்சின் நிற்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 600, 700 சுற்றுத்தான் ஓடும். அந்த வேகத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு நொசிலுக்குப் போகும் டீசல் ஒரு சிறு துளியை விடக் குறைவு. அவ்வளவு சிறிய அளவுக்குள் காற்றுக் குமிழி ஒன்று புகுந்தால் என்ன நடக்கும்? டீசலை அமுக்கினால் அது சுருங்காது, காற்று சுருங்கும். பம்ப் அமுக்குவது நொசிலைத் திறப்பதற்குப் பதில் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும். அந்த அடி விழாது. வேகம் இறங்கும், கவர்னர் டீசலைக் கூட்டும், வேகம் ஏறும், திரும்பக் குறைக்கும். காதுக்கு மூச்சு வாங்குவது போலக் கேட்பது இதைத்தான். ரேஸ் பண்ணி ஓடும்போது டீசல் அளவு கூடுவதால் அதே குமிழி பெரிதாகத் தெரியாது. அதனால்தான் "ரோட்டில் நல்லா ஓடுது, நிற்கும்போதுதான் சேட்டை" என்கிறோம்.

இன்னொரு விசயம் எங்களை நன்றாக ஏமாற்றியது. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சித்தான் எடுக்கப்படுகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகுவதை விட, இஞ்சின் ஓடும்போது காற்று உள்ளே போவதுதான் அதிகம். கீழே ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது. "லைனெல்லாம் பார்த்தாச்சு, ஒழுக்கு இல்லை" என்று நாங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறோம். டேங்கில் டீசல் குறைந்த நாளில் சேட்டை கூடுகிறதா என்று யோசித்துப் பாருங்கள். கூடினால் சந்தேகம் இந்தப் பக்கம்தான், ஏனென்றால் டீசல் மட்டம் தாழத் தாழ உறிஞ்சும் வேலை கூடுகிறது. எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது. ஆறு மாதமும் அது கண்ணில் படவில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு வந்து வண்டியை வெளி முற்றத்தில் நிறுத்தினோம். சில்லுக்குக் கட்டை, கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். பீட் பம்புக்கு டீசல் வரும் ஹோஸைக் கழற்றி, நடுவில் ஒரு முழம் கண்ணாடி டியூப் போட்டுக் கிளிப் இறுக்கினோம். ஹேண்ட் பம்பை அடித்து எயார் எடுத்து ஸ்டார்ட் பண்ணினோம். கழற்றிப் பூட்டியதால் முதல் கொஞ்ச நேரம் குமிழி வரத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. ஐந்து நிமிடம் விட்டோம். குமிழி நிற்கவில்லை. சீனிப் பாகில் வருவது போலச் சின்னச் சின்னதாய் வந்துகொண்டே இருந்தது.

அடுத்தது கேன் சோதனை. இதைத்தான் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்போம். சுத்தமான கேனில் நல்ல டீசல் எடுத்து, இஞ்சினை விட உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஹோஸ் போட்டு நேராகப் பீட் பம்புக்குக் கொடுத்தோம். டேங்கும் அதன் லைனும் இப்போது கணக்கில் இல்லை. எயார் எடுத்து ஸ்டார்ட் பண்ணி மூன்று, நான்கு நிமிடத்தில் மூச்சு வாங்கல் நின்றுவிட்டது. ஸ்குரூ ஏற்கெனவே கூட்டியிருந்ததால் வேகம் மட்டும் அதிகமாக இருந்தது. காக்கா ஒன்றும் பேசவில்லை. போய் ஸ்குரூவைப் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டு வந்து, இஞ்சினைக் கேட்டுக்கொண்டு மட்கார்ட்டில் சாய்ந்து நின்றார்.

பம்பில் பிழை இருந்திருந்தால் கேனில் ஓட்டினாலும் அதே சேட்டைதான் வந்திருக்கும். ஆகவே பம்ப் நல்லது. இனி லைனைத் தேட வேண்டும். அது அதிக நேரம் எடுக்கவில்லை. டேங்குக்குக் கிட்ட ஒரு சாண் நீளத்தில் வேறு நிற டியூப் துண்டொன்று இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களுக்கு 2022 ஞாபகம் வந்தது.

அந்த ஆனி மாதம் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது, அதுவும் வரிசையில் கிடந்தால்தான். வண்டியை நிறுத்திவிட்டு டேங்கிலிருந்த டீசலை மச்சானின் உழவு மெசினுக்காக இறக்கினோம். அப்போது கிழிந்த ஹோஸுக்குப் பதிலாக, கையில் கிடந்த தண்ணீர் டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட்டது நாங்கள்தான். சாதாரண பிளாஸ்டிக் டியூப் டீசலில் ஊறி ஊறிக் கட்டையாகிவிடும். எங்கள் துண்டு எலும்பு போல இறுகி, கிளிப்புக்குக் கீழே தலைமுடி அளவு வெடித்திருந்தது. டீசலுக்கென்று விற்கும் ரப்பர் ஹோஸ் ஒரு துண்டும் புதுக் கிளிப் இரண்டும் சில நூறு ரூபாதான்.

இந்த இடத்தில் நாங்கள் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. ஊரில் வழமையாக வண்டி பார்க்கும் பாஸ், சேட்டை தொடங்கிய நாட்களிலேயே "வண்டியை ரெண்டு நாள் விடுங்க, லைனைக் கழற்றிப் பார்ப்போம்" என்று சொன்னவர். வெட்டு நேரம் ரெண்டு நாள் விட ஏலாது என்று நாங்கள்தான் ஸ்குரூவைத் திருகச் சொன்னோம். பம்ப் கடையிலும் அப்படித்தான். பம்ப் செய்ய எவ்வளவு என்று கேட்டோம், அவர் கேட்டதற்கு விலை சொன்னார். என்ன வருத்தம் என்று சொல்லாமல் ஒப்பரேசனுக்கு விலை கேட்டால் டொக்டர் என்ன செய்வார்? ஆனால் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டுத் திண்ணையில் "கராஜ்காரன் எல்லாம் கள்ளன்" என்ற பேச்சு ஓடியது. பாஸிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு டீ எடுக்கச் சொன்னார். எங்களுக்குத்தான் அந்த டீ இறங்கவில்லை.

எல்லா ஐட்லிங் சேட்டையும் காற்றல்ல, அதையும் சொல்லிவிடுகிறோம். ஏறி இறங்காமல் ஒரே சீராக, நொண்டி நடப்பது போல ஓர் அடி விட்டு அடித்தால் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்று இளக்கிப் பார்ப்பார்கள். எதை இளக்கும்போது சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது. அதற்காக நொசில்தான் பிழை என்று உடனே முடிவு கட்டவும் கூடாது, டெப்பட் இடைவெளியும் காரணமாகலாம். எங்கள் இஞ்சினுக்கு அது குளிர்ந்த நிலையில் 0.40 மில்லிமீற்றர். உங்கள் வண்டிக்கு அதன் புத்தகத்தைப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் ஆகி, தாழ்ந்த வேகத்தில் ஓடி அணைகிறதென்றால் முதலில் பில்டரின் அடியிலுள்ள தண்ணீரை இறக்குங்கள். எங்கள் கடற்கரைப் பக்கத்தில், மாரியில், அரை டேங்கோடு நிற்கும் வண்டிக்குள் ஈரம் சேர்வது பெரிய அதிசயமில்லை. பில்டர் மாற்றியும் சரிவராவிட்டால் பீட் பம்புக்குள் டீசல் நுழையும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அதற்குள் விரல் நுனி அளவு வலை ஒன்று இருக்கும். வருடக்கணக்காக யாரும் தொடாத இடம் அது. எங்களுடையதில் சேறு போல இருந்தது.

வீட்டில் தொடக் கூடாதவையும் இருக்கின்றன. நட்டை இளக்கும் சோதனையைப் புது மாதிரி கொமன் ரெயில் வண்டியில் ஒருபோதும் செய்யாதீர்கள். அதில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், தோலைத் துளைத்துக்கொண்டு டீசல் உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே இழக்க வேண்டி வரலாம். பழைய பம்பிலும் நொசில் திறப்பது 200 பார் அளவில்தான், அதனால் அங்கும் கையை வைத்து மறைத்துப் பார்ப்பது கூடாது. பழக்கமில்லாதவர்கள் அந்த வேலையைப் பாஸிடமே விடுங்கள். பம்பில் சீல் வைத்த ஸ்குரூக்களையும் தொடாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இஞ்சினை ஓடவிட வேண்டாம். சாரனோடு பெல்ட்டுக்குக் கிட்டப் போகவும் வேண்டாம், காக்காவோடு நாங்கள் அன்று போட்ட ஒரே சண்டை அதற்குத்தான்.

"டீச்சிங் வேலை பார்க்கிறவங்களுக்கு இது எதுக்கு" என்று கேட்டவர்களும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், முழுமையாகத் திறக்க 2025 ஆகிவிட்டது. திறந்த பிறகு இருக்கும் விலையில் புது லொறி எடுக்க எங்கள் பக்கத்தில் எத்தனை பேரால் முடியும்? வாப்பாமார் வாங்கிய இந்த வண்டிகளைத்தான் இன்னும் பல வருசம் ஓட்டப் போகிறோம். சிறுபோக வெட்டும் வரும், அதே மில் வாசல், அதே வரிசை. தம்பிமார் வண்டியின் உடம்புக்கு லைட்டும் ஸ்டிக்கரும் போடச் செலவழிக்கும் காசில் பத்தில் ஒரு பங்கை ஹோஸுக்கும் பில்டருக்கும் போட்டால் போதும் என்று சொன்னால் கோபிக்கிறார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

காக்கா இப்போது ஒரு சி.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறார்: பில்டர் மாற்றியது, தண்ணீர் இறக்கியது, எந்த ஹோஸ் எப்போது போட்டது. ஸ்குரூ நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி ஒன்றும் வைத்திருக்கிறார்.

கண்ணாடி டியூபும் கேனும் எங்கள் வீட்டு முற்றத்தில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம், தேவையானவர்கள் வந்து எடுத்துப் போகலாம். டியூப் சோதனைக்கு மட்டும்தான், வண்டியிலேயே விட்டுவிட வேண்டாம். கேனைத் திருப்பித் தரும்போது மண்ணெண்ணெய், தண்ணீர் எதுவும் ஊற்றி வைத்திருக்கக் கூடாது.

வஸ்ஸலாம்.