அட்டவணை 4.1-இல் முடிந்துபோகும் சாதி

தமிழ்நாட்டில் இதழியல், தகவல்தொடர்பியல் துறைகளில் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகளில் நான் புரட்டியவற்றின் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். நான்காம் இயலின் தொடக்கத்தில் ஓர் அட்டவணை. பதிலளித்தவர்களின் வயது, பாலினம், படிப்பு, குடும்ப வருமானம். சிலவற்றில் கூடுதலாக ஒரு வரிசை: பொதுப்பிரிவு இத்தனை விழுக்காடு, பி.சி. இத்தனை, எம்.பி.சி. இத்தனை, எஸ்.சி. இத்தனை. அதோடு சரி. அதற்குப் பிறகு வரும் நூறு பக்கங்களில் அந்த வரிசையை ஆய்வாளர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கல்லூரி மாணவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள் என்பதற்குக் கை-வர்க்கச் சோதனை வரை போட்டுப் பார்க்கிறவர்கள், அந்த மாணவர்களின் சாதி வாட்ஸப் குழுக்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை.

நானும் அப்படியொரு துறையில்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சாதிக் கொலைகளைத் தமிழ் நாளிதழ்கள் எந்தச் சொற்களில் எழுதுகின்றன என்பதுதான் நான் கொண்டுபோன தலைப்பு. ஆய்வுக்குழுக் கூட்டத்தில் இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று, “இது சமூகவியல் துறைக்குப் போக வேண்டிய தலைப்பு.” இன்னொன்று கொஞ்சம் மென்மையாக வந்தது: “நீங்களே அந்தச் சமூகம். நடுநிலையா எப்படி எழுதுவீங்க?”

முதல் பதிலை எடுத்துக்கொள்வோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சி தொலைக்காட்சிகளில் ஓடியது, கைப்பேசிகளில் சுற்றியது. ஒரு கொலைக்காட்சியை யார் எதற்காகப் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள் என்பது தகவல்தொடர்பியல் கேள்வி இல்லையென்றால் வேறு எதுதான் தகவல்தொடர்பியல்? ‘கௌரவக் கொலை’ என்று எழுதிவந்த இதழ்கள் ‘ஆணவக் கொலை’ என்ற சொல்லுக்கு வந்ததன் பின்னால், கொலையில் என்ன கௌரவம் என்று விடாமல் கேட்ட இயக்கங்கள் இருக்கின்றன. சட்டகமாக்கல் கோட்பாட்டை நடத்தும் வகுப்பறையில் இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. வகுப்பில் சொல்லப்படுவதோ அமெரிக்கத் தேர்தல்.

கோட்பாடு வெளியிலிருந்து வருவதில் எனக்குப் புகார் இல்லை. வந்த பிறகு இந்த மண்ணில் அதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை என்பதுதான் புகார். எவரெட் ரோஜர்ஸைப் படிக்காமல் இந்தத் துறையில் யாரும் பட்டம் வாங்க முடியாது. 1962-இல் அவர் நூலாக்கிய புத்தாக்கப் பரவல் கோட்பாட்டின் வேர் அயோவா மாநிலத்து மக்காச்சோள வயல்களில் இருக்கிறது. வீரிய ஒட்டுரக விதையை எந்த விவசாயி முதலில் வாங்கினார், எவர் கடைசியில் வாங்கினார் என்று ரயனும் கிராஸும் 1943-இல் வெளியிட்ட ஆய்வு அது. கடைசியாக ஏற்றவர்களுக்கு ரோஜர்ஸ் ‘பின்தங்குவோர்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்.

இதை அப்படியே நம் கிராமத்தில் பொருத்துங்கள். அரசுத் திட்டச் செய்தி சேரிக்கு ஏன் தாமதமாகப் போனது என்ற கேள்வி, சேரிக்காரர் ஏன் தாமதமாக ஏற்றுக்கொண்டார் என்று தலைகீழாகிவிடும். ‘கருத்துத் தலைவர்’ என்று ஆய்வாளர் நேர்காணல் எடுப்பது ஊர்த்தெருவில் பெரிய திண்ணை உள்ள வீட்டுக்காரரை. அவர் சேரிக்குச் செய்தி சொல்லப் போகிறவர் அல்ல, வேலைக்கு வரச்சொல்லி ஆளனுப்புகிறவர். வளர்ச்சித் தகவல்தொடர்பின் பழைய சட்டகம் காலாவதியாகிவிட்டது என்று ரோஜர்ஸே 1976-இல் எழுதிவிட்டார். எங்கள் வினாத்தாளில் அந்த ஐந்து வகையினருக்கும் இன்றும் பத்து மதிப்பெண்.

இரண்டாவது பதில், நடுநிலை. 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் 25 வயது ஆய்வு மாணவர் அம்பேத்கர். ‘நீயே அந்தச் சமூகம்’ என்று அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் சாதியைப் பற்றிய சமூக அறிவியலே ஏழையாகியிருக்கும். அதே மாணவர்தான் நான்காண்டுகள் கழித்து, 1920 ஜனவரி 31 அன்று, ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட ‘கேசரி’ மறுத்தது. கர்னாடக சங்கீத யூட்யூப் சேனல்களை ஆராய வரும் பார்ப்பன மாணவரிடம் இந்தத் தகுதித் தேர்வை யாரும் வைப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா?

இன்னொரு வகை அறிவுரையும் உண்டு. “முதல்ல பட்டத்தை வாங்கு, அப்புறம் எதை வேணும்னாலும் எழுது.” சொல்பவர்களில் சிலர் உண்மையிலேயே நம்மேல் அக்கறை உள்ளவர்கள். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவருக்கு நெறியாளரின் கையெழுத்து எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர் பகுதிநேர விரிவுரையாளர் வேலையோடுதான் ஆய்வு செய்கிறார். அவர் நெறியாளரோடு தலைப்புக்காக மல்லுக்கட்ட முடியுமா? முடியாது. ஆனால் பட்டம் வாங்கியபின் அவர் வழிநடத்தப்போகும் மாணவர்களுக்கும் இதே அறிவுரைதான் போகும். அங்கே படித்துவிட்டுச் செய்தி அறைக்குப் போகிறவர்கள் ‘இரு தரப்பினர் மோதல்’ என்று எழுதுவதில் ஒன்றும் தவறில்லை என்ற பயிற்சியோடே போவார்கள்.

இந்தத் துறைகள் எண்ணாமல் விட்டதை மற்றவர்கள் எண்ணியிருக்கிறார்கள். 1996-இல் பத்திரிகையாளர் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல் அதையே கட்டுரையாக எழுதினார். 2006-இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் டெல்லியின் 37 ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்திலிருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். 71 விழுக்காட்டினர் உயர்சாதி இந்து ஆண்கள். தலித், பழங்குடியினர் ஒருவரும் இல்லை. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் ஆங்கில, இந்தி ஊடகங்களின் 121 தலைமைப் பதவிகளைப் பார்த்தபோது 106 உயர்சாதியினரிடம் இருந்தன. இவற்றில் எதுவும் ஒரு பல்கலைக்கழக இதழியல் துறையின் ஆய்வேடாக வந்ததல்ல.

தமிழில் இப்படி எண்ணுவது எளிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உனியாலால் குடும்பப் பெயர்களை வைத்துப் பட்டியலைச் சலிக்க முடிந்தது. இங்கே 1929 செங்கல்பட்டு மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து உதிர்ப்பது ஒரு பண்பாடாகவே வளர்ந்தது. அது நம் வெற்றி. ஆனால் பெயரில் இல்லாத சாதி செய்தி அறையில் எல்லோருக்கும் தெரியும், ஆய்வாளருக்கு மட்டும் தெரியாது. நேரே கேட்டால் “நாங்க சாதி பார்க்கிறதில்லை” என்று முடித்துவிடுவார்கள். ஆக வேறு வழிகள் வேண்டும். மாவட்டங்களில் விளம்பரக் கமிஷனை நம்பிப் பிழைக்கும் பகுதிநேரச் செய்தியாளரிடம் பேச வேண்டும். குருபூஜை விளம்பரமும் கண்ணீர் அஞ்சலியும் யாரிடமிருந்து வருகின்றன, அந்த ஆட்களைப் பற்றிய செய்தியை அவரால் அனுப்ப முடியுமா, காவல் நிலையம் கொடுத்த குறிப்பைத் தாண்டிச் சேரிக்குள் போய் விசாரித்தாரா என்றெல்லாம் கேட்க வேண்டும். முறையியல் தாளுக்கு இவ்வளவு தீனி வேறு எந்தத் தலைப்பில் இருக்கிறது?

பாதை ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. இரட்டைமலை சீனிவாசனின் ‘பறையன்’ 1893-இல் வந்தது, அயோத்திதாசரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907-இல். 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்று நூலாக்கியவர் ஜெ. பாலசுப்பிரமணியம், ஓர் இதழியல் ஆசிரியர். அமெரிக்காவில் நான்கு ஆய்வாளர்கள் 1990 முதல் 2016 வரையிலான தகவல்தொடர்பியல் ஆய்விதழ்களில் யார் எழுதினார்கள், யார் மேற்கோள் காட்டப்பட்டார்கள் என்று எண்ணி, அத்துறை எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று 2018-இல் காட்டினார்கள். நம் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலையும் யாராவது அப்படி எண்ணலாம்.

முதுகலை இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்குத் தலைப்புத் தேடும் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐந்து பேர் சேருங்கள். ஒரு நாளிதழ், ஓர் ஆண்டு, ஆளுக்கு இரண்டரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. குறியீட்டுக் கையேட்டை முதலில் தமிழிலேயே எழுதுங்கள். ‘காதல் விவகாரம்’, ‘முன்விரோதம்’, ‘குறிப்பிட்ட சமூகத்தினர்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். ‘இரு தரப்பினர்’ என்பதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று உங்களுக்குள் சண்டை வரும். அந்தச் சண்டையையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்.