எழுத்தை ஒப்பனையிடம் ஒப்படைக்காதீர்கள்

"மார்க்டவுனா? அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு. நமக்கு வேர்டு போதும்."

எழுதுகிறவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு அடிபடாமல் இருப்பதில்லை. நேற்று வலைப்பதிவு தொடங்கிய இளைஞரும் இதைச் சொல்கிறார், முப்பது ஆண்டுகளாகக் கதை எழுதும் பெரியவரும் சொல்கிறார். இது தவறான நம்பிக்கை. தமிழில் எழுதுவோருக்கு இதனால் நேர்ந்த நட்டமும் பெரிது.

மார்க்டவுன் என்பது சாதாரண உரைக் கோப்பில் சில குறிகளை இட்டு எழுதும் முறை. ஜான் குரூபர் என்பவர் ஆரன் சுவார்ட்சின் துணையோடு 2004இல் இதை உருவாக்கினார். வரியின் தொடக்கத்தில் # இட்டால் அது தலைப்பு. சொல்லின் இருபுறமும் ** இட்டால் தடித்த எழுத்து. வரியின் தொடக்கத்தில் > இட்டால் மேற்கோள். சிறு கோடு இட்டால் பட்டியல். ஒரு வலைப்பதிவுக் கட்டுரைக்கு இவற்றோடு இணைப்புக்கான குறியும் சேர்ந்தால் போதும். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் ஆகாது. நோட்பேட் இருந்தாலே எழுதலாம்.

இது நிரல் எழுதுகிறவர்களின் சொத்து என்று யார் சொன்னது? வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இருபுறமும் நட்சத்திரக் குறி இடுகிறோமே, 2016 முதல் அங்கே உள்ள அந்த வசதியும் இதே வகைதான். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வுபெற்றவர்களும் தலைப்புக்கு == இட்டு, தடித்த எழுத்துக்கு மூன்று மேற்குறி இட்டுத்தான் அங்கே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதிக் குவித்தார்கள். மார்க்டவுனில் எழுதியதை வலைப்பக்கமாகவும் மின்னூலாகவும் வேர்டு கோப்பாகவும் மாற்றித்தரும் பாண்டாக் என்ற கருவியை 2006இல் படைத்த ஜான் மக்ஃபார்லேன், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர்.

இன்னும் பின்னால் போனால் அச்சகம் வருகிறது. கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லின் கீழ் கோடு இழுத்தால், அதைச் சாய்வெழுத்தில் கோக்க வேண்டும் என்று அச்சுக்கோப்பவருக்குப் புரியும். எழுதுகிறவர் குறியை இட்டார், உருவத்தை அச்சகம் கொடுத்தது. அந்தப் பழைய நல்ல வேலைப் பிரிவினைதான் இன்றைய குறிமுறையிலும் இருக்கிறது.

உருவத்தையும் பொருளையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களைவிடப் பட்டு உணர்ந்தவர்கள் குறைவு. யுனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். திரையில் தெரிந்தது தமிழ். கோப்புக்குள் சேர்ந்ததோ ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். தமிழ் என்கிற செய்தி எழுத்துருவிடம் மட்டுமே இருந்தது. 2001இல் நான் எழுதிய கட்டுரைகள் அடங்கிய குறுந்தகடு இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தபோது ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், பழைய குறியேற்றத்தில் உழைத்து ஏற்றிய நூல்களைப் பிறகு யுனிகோடுக்கு மாற்ற மறுபடியும் உழைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்குள் எத்தனை பேருடைய எழுத்து படிக்க ஆளில்லாமல் போயிருக்கும்!

அந்தத் தவற்றையே இன்று வேறு வடிவில் செய்கிறோம். துணைத்தலைப்பு வேண்டுமென்றால் வரியைத் தேர்ந்து, அளவைப் பதினெட்டாக்கி, தடித்த எழுத்தாக்குகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு, கணினிக்கு அது பெரிய எழுத்தில் உள்ள இன்னொரு வரி. பார்வையற்ற வாசகர் திரைவாசிப்பான் மூலம் தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிப்பார். இப்படி எழுதிய கட்டுரையில் அவர் தாவுவதற்கு ஒன்றுமே இருக்காது. # என்ற ஒரு குறி அவருக்கு வழியைத் திறந்துவிடும்.

"எழுதும்போதே பக்கம் எப்படி வரும் என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்பார்கள். வலைப்பதிவில் அப்படி ஒரு பக்கம் கிடையாது. வாசகர் கைப்பேசியில் படிக்கிறார், மடிக்கணினியில் படிக்கிறார், எழுத்தைப் பெரிதாக்கியும் படிக்கிறார். உங்கள் திரையில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த அழகு அவரிடம் போய்ச் சேர்வதில்லை. வேர்டிலிருந்து எடுத்து ஒட்டும்போது அதன் எழுத்துரு, அளவு, இடைவெளிக் கட்டளைகளும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஒரு பத்தி பெரிதாகவும் அடுத்த பத்தி சிறிதாகவும் பதிவுகள் வெளியாவது பெரும்பாலும் இதனால்தான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய அட்டவணைகளை மார்க்டவுனில் எழுதுவது தொல்லை. பதிப்பாசிரியரோடு திருத்தங்களைக் குறித்துப் பரிமாறிக்கொள்ள வேர்டு வசதியானது. தமிழ் விசைப்பலகையில் # தேடி ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். வேர்டிலும் தலைப்பைத் தலைப்பு என்றே குறிக்கும் ஸ்டைல் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துவோர் தவறு செய்யவில்லை. ஆனால் வலைப்பதிவுக் கட்டுரை என்பது பத்திகள், தலைப்புகள், இணைப்புகள், சில மேற்கோள்கள். அதற்கு எளிய உரையைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. மாற்றும் கருவி எதுவும் கிடைக்காத நாளிலும் அந்தக் கோப்பைத் திறந்து, குறிகளோடு அப்படியே படித்துக்கொள்ளலாம். வலைப்பதிவுத் தளம் மூடிப்போனாலும் எழுத்து உங்கள் கையில் இருக்கும்.

எழுதும் நண்பர்களே, அடுத்த கட்டுரையை ஒரு சாதாரண உரைக் கோப்பில் யுனிகோடில் எழுதுங்கள். தலைப்புக்கு # இடுங்கள், அழுத்தத்துக்கு ** இடுங்கள். எழுத்துருவையும் அளவையும் வண்ணத்தையும் தளம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் ஒரு முறை எழுத்தைத் தொலைத்தது போதும்.