காசநோய்க்கு மருந்து உண்டு; பசிக்கு?

2025-ஆம் ஆண்டுக்குள் இந்தியாவிலிருந்து காசநோயை ஒழித்துவிடுவோம் என்று 2018 மார்ச் மாதம் பிரதமர் மோடி முழங்கினார். ஆண்டு போய்விட்டது, நோய் போகவில்லை. 2015-ஆம் ஆண்டு இருந்த பாதிப்பை ஐந்தில் நான்கு பங்கு குறைப்பது இலக்கு. 2024 வரை குறைந்ததோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். உலகின் காசநோயாளிகளில் நால்வருக்கு ஒருவர் இன்றும் இந்தியாவில் இருக்கிறார். இது அறிவியலின் தோல்வி அன்று. அறிவியல் கூறியதைச் செவிமடுக்காத ஆட்சியாளர்களின் தோல்வி.

1960 செப்டம்பரில் பெங்களூருவில் தேசியக் காசநோய் நிறுவனத்தை நேரு திறந்துவைத்தார். அங்கு பணியாற்றிய டி.பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் ஆகியோர் தும்கூர் மாவட்டத்தில் நுரையீரல் காசநோயாளிகளை நேரில் கண்டு விசாரித்தனர். ‘ஏழைகள் அறியாமையால் மருத்துவமனைக்கு வருவதில்லை’ என்பதே அன்றைய மேல்தட்டுக் கருத்து. 1963-இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு அதைத் தகர்த்தது. பெரும்பாலோர் தமது நோய்க்குறிகளை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் சிகிச்சை தேடியும் சென்றிருந்தனர். ஆனால் சளிப் பரிசோதனைகூட இன்றி, இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டனர். குற்றம் நோயாளியுடையது அல்ல, மருத்துவ அமைப்பினுடையது என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது.

அதே காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தபடி மருந்து உட்கொள்வோரும் சானடோரியத்தில் இருப்போருக்கு நிகராகக் குணமடைகின்றனர் என்று காட்டியது. குடிசையில் வாழும் தொழிலாளிக்கும் சிகிச்சை சாத்தியம் என்ற மகத்தான செய்தி அது. ஆட்சியாளர்களோ ‘மருந்து போதும், உணவு பற்றிக் கவலை வேண்டாம்’ என்ற வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

விடுபட்ட மறுபாதியை 2023-இல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு முன்வைத்தது. மங்களூருவில் பணிபுரியும் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரும் சென்னைத் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நடத்திய ஆய்வு இது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருட்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும், வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும் கூடுதலாகத் தரப்பட்டன. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றைப் பரப்பும் வகை நோய் 48 விழுக்காடு குறைந்தது. தடுப்பூசி தேடி உலகம் அலைகையில், அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக நின்றன.

ஒன்றிய அரசு செய்ததென்ன? நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்றிருந்த உதவியை 2024 நவம்பரில் 1,000 ரூபாய் ஆக்கியது. உணவுப் பொட்டலத்தையோ கொடையாளர்களின் தயவில் விட்டது. 2024 மார்ச்சில் மருந்துக்கே தட்டுப்பாடு வந்தபோது, மாநிலங்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று கடிதம் எழுதியது. உரிமையாக இருக்க வேண்டியதைத் தருமமாக மாற்றுவதே இவ்வரசின் கொள்கை.

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பெங்களூருவின் கட்டுமானத் தளங்களுக்குச் செல்லும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். தகரக் கொட்டகையில் நெருக்கியடித்து உறங்குகிறார். ஊரில் ரேஷன் கடையில் கிடைத்த பருப்பும் எண்ணெயும் மாநில எல்லையைத் தாண்டி அவரைத் தொடர்வதில்லை. நோய் கண்டால் கூலி நிற்கிறது. கூலி நின்றால் அடுப்பு அணைகிறது. அடுத்த இருமல் அவர் பிள்ளையிடமிருந்து எழுகிறது.

எனவே, காசநோயாளியின் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அரிசியும் பருப்பும் ரேஷன் கடை வழியாகச் சட்ட உரிமையாக வழங்கப்பட வேண்டும்; புலம்பெயர் தொழிலாளருக்கு அது எம்மாநிலத்திலும் கிடைக்க வேண்டும். சிகிச்சைக் காலத்துக்கு ஊதிய இழப்பீடும் தடையற்ற மருந்தும் உறுதிசெய்யப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் கட்சிக் கிளைகளும் இக்கோரிக்கைகளை வீடுதோறும் கொண்டு செல்ல வேண்டும். ஆய்வாளர்கள் தம் கடமையைச் செய்துவிட்டனர். அவர்களின் முடிவுகளை அரசாணையாக்குவது மக்கள் போராட்டத்தின் கடமை.